க்ளும்ப்கே ஒரு பெண்ணாமே! பதினோரு வருடமாக 'அந்தாளு' என்று பாடம் நடத்தியிருக்கிறேன்

#1 தோள்பட்டை_துரை (இரவு 9:42)

எல்லோருக்கும் வணக்கம். பிசியோதெரபி கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். இன்று வகுப்பில் மானம் போன கதை.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புப் பின்னல் இருக்கிறதே, பிரேக்கியல் பிளெக்சஸ், அதில் மேல் வேர்கள் (சி5, சி6) அடிபட்டால் எர்ப்ஸ் பால்சி (பால்சி என்றால் வாதம், முதலில் விவரித்தவரின் பெயரை முன்னால் ஒட்டியிருக்கிறார்கள்). கீழ் வேர்கள் (சி8, டி1) அடிபட்டால் க்ளும்ப்கேஸ் பால்சி. எர்ப்ஸில் தோள் தூக்க வராது, முழங்கை மடங்காது. க்ளும்ப்கேயில் தோள், முழங்கை எல்லாம் நன்றாக இருக்கும். உள்ளங்கையின் சின்னத் தசைகள் செத்துப்போய் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொள்ளும். சட்டைப் பொத்தான் போட முடியாது, சாவி பிடிக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் இதே பாடம்தான்.

தமிழில் ஒரு வசதி உண்டு. 'அவர்' என்று சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே வராது. நான் அந்த வசதியையும் பயன்படுத்தவில்லை. "இந்த க்ளும்ப்கேன்னு ஒரு ஆளு, ஜெர்மன்காரன்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். மனதில் தாடி வைத்த ஒரு உருவம்கூட இருந்தது. இன்று முதலாமாண்டுப் பெண் ஒருத்தி கை தூக்கி, "சார், அவங்க லேடி சார், ஆகஸ்டா க்ளும்ப்கே" என்றாள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் உண்மைதான். ஜெர்மன்காரரும் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோவில் 1859-ல் பிறந்தவர்.

இந்த அம்மையாரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மறுநாள் அதே வகுப்பு இருக்கிறது.

#2 சீரகமிட்டாய் (இரவு 9:50)

அந்த மாணவிக்கு இன்டர்னலில் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள் சார், பிரச்சினை முடிந்தது :)

#3 ஏட்டுச்சுரைக்காய் (இரவு 10:31)

துரை சார், நீங்கள் தனியாள் இல்லை. மருத்துவ வரலாறு படிப்பது எனக்கு ஒரு பைத்தியம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தின் கதையே அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறது. அப்பா சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலம் வாங்கி விற்றுப் பணம் பார்த்தவர். மூத்த மகள் அன்னா சின்ன வயதில் விழுந்து தொடையெலும்பு உடைந்து கால் ஊனமாகிவிட்டது. வைத்தியத்துக்காக அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். கால் சரியாகவில்லை, கணவர் மனைவி உறவும் முறிந்தது. அதற்குப் பிறகு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று பிள்ளைகளோடு அலைந்து லோசானில் கொஞ்ச காலம் தங்கினார்கள். ஆகஸ்டாவுக்கு அறிவியலில் பித்து. பிரான்சில் மதலேன் பிரெஸ் என்ற பெண் டாக்டர் பட்டம் வாங்கிய செய்தியை அம்மா ஒரு பத்திரிகையில் படித்தார். உடனே மூட்டை கட்டி, 1877-ல் மொத்தக் குடும்பமும் பாரிஸ். மகள் படிக்க வேண்டும் என்று குடும்பமே ஊர் மாறியது!

மற்ற பெண் பிள்ளைகளையும் பாருங்கள். கால் ஊனமான அன்னா ஓவியர். ரோசா போனர் என்ற பெரிய ஓவியரை 1898-ல் வரைந்தவர். டொரோதியா வானியலாளர், சனிக்கோளின் வளையங்களைப் பற்றி ஆய்வு எழுதி 1893-ல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், அங்கே அதை வாங்கிய முதல் பெண். எரிகல் மழை பார்க்க 1899-ல் பலூனில் ஏறிப் போனவர். ஜூலியா வயலின், மதில்டா பியானோ. அந்த அம்மாவைப் பற்றி யாராவது தனியாக ஒரு இழை தொடங்கினால் நல்லது.

#4 கண்ணாடி_வளையல் (இரவு 10:48)

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு சந்தேகம். "பாரிஸ் மருத்துவமனைகளின் முதல் பெண் இன்டர்ன்" என்று அவரைப் பற்றி எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. நம் ஊரில் எம்பிபிஎஸ் முடித்த எல்லோரும் ஒரு வருடம் இன்டர்ன்தானே, இதில் என்ன பெருமை?

#5 ஏட்டுச்சுரைக்காய் (இரவு 11:15)

நல்ல கேள்வி சிஸ்டர். அந்தக் காலத்தில் அங்கே இன்டர்ன் என்றால் நம் ஹவுஸ் சர்ஜன் இல்லை. கடுமையான போட்டித் தேர்வு. பாஸ் செய்தவர்களுக்கு வருடக்கணக்கில் பெரிய பேராசிரியர்களின் வார்டில் பொறுப்பு, மருத்துவமனையிலேயே தங்கல். பிற்பாடு பேராசிரியர் ஆகிறவர்கள் எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. பட்டம் வாங்கப் பெண்களை விட்டுவிட்டார்கள், இந்த வாசலை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குக் கீழே எக்ஸ்டர்ன் என்று ஒரு படி. 1881-ல் அதைப் பெண்களுக்குத் திறந்தபோது ஒரு நிபந்தனை: இதை வைத்துக்கொண்டு இன்டர்ன் பதவி கேட்கக் கூடாது. ஆகஸ்டாவும் பிளான்ஷ் எட்வர்ட்ஸ் என்ற தோழியும் அதில் தேறினார்கள். அப்புறம் என்ன, நிபந்தனையை மீறிக் கேட்டார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். ராத்திரி டியூட்டி எப்படிப் பார்ப்பார்கள், ஆண்கள் வார்டுக்கு எப்படிப் போவார்கள், இன்டர்ன்கள் சாப்பிடும் அறையில் இவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று காரணங்கள். (அந்தச் சாப்பாட்டு அறைச் சுவர்களில் இருந்த படங்கள் அப்படி. மாற்ற வேண்டியது சுவரையா, பெண்களையா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.) மாணவர்கள் பிளான்ஷின் கொடும்பாவியைத் தெருவில் எரித்தார்கள்.

1885 ஜூலை 31-ல் நகர நிர்வாகி யூஜென் பூபெல் உத்தரவு போட்டார்: பெண்களும் தேர்வு எழுதலாம். 1886-ல் ஆகஸ்டா தேறினார்.

இந்தப் பூபெல் யார் தெரியுமா? பாரிஸ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் குப்பைக்கு மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர். இன்றும் பிரெஞ்சில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் பூபெல்தான்.

#6 சீரகமிட்டாய் (இரவு 11:19)

அட, பாரிஸ் லா சப்பலில் இருக்கும் எங்கள் சித்தப்பா "பூபெல்ல போடு, பூபெல்ல போடு" என்று கத்துவாரே, அது ஒரு ஆளுடைய பெயரா! பெண்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனுஷனைக் குப்பைத் தொட்டி ஆக்கிவிட்டார்கள்.

#7 தோள்பட்டை_துரை (காலை 6:20)

சுரைக்காய் அய்யா, அருமை. தூக்கம் வராமல் அவருடைய 1885 கட்டுரையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நான் வகுப்பில் ஒரே வரியில் தாண்டிப் போகிற விஷயத்தில்தான் அவருடைய மூளையே இருக்கிறது.

கீழ் வேர் அறுந்தவர்களில் சிலருக்குக் கையோடு கண்ணிலும் ஒரு மாற்றம் வரும். அதே பக்கம் இமை லேசாகத் தொங்கும், கண்ணின் பாப்பா சுருங்கியிருக்கும். கை நரம்பு அறுந்தால் கண்ணுக்கு ஏன்? ஆகஸ்டா வுல்பியான் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். டி1 வேரோடு சேர்ந்து ஒரு மெல்லிய கிளை தண்டுவடத்திலிருந்து வெளியே வந்து, முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலியில் ஏறி, கழுத்து வழியாகக் கண்ணுக்குப் போகிறது. அந்தக் கிளையை வெட்டினால் பாப்பா சுருங்குகிறது.

இதனால் என்ன லாபம் என்றால், அடி எங்கே பட்டது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். நரம்பு அக்குள் பக்கம் தள்ளி அறுந்திருந்தால் கண் நன்றாக இருக்கும். தண்டுவடத்தை ஒட்டி வேரோடு பிடுங்கியிருந்தால் கண்ணும் சேர்ந்து போகும். வேரோடு பிடுங்கினது தானாகத் திரும்பாது. பைக்கில் விழுந்து கை இழுபட்டு வருகிற பையன்களிடம் நான் இன்றைக்கும் முதலில் பார்ப்பது கையை இல்லை, இமையை. ஸ்கேன் வருவதற்கு முன்னாலேயே பாதி தெரிந்துவிடும். எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 10 வருடம் இருந்த காலத்தில், 25, 26 வயதுப் பெண் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

#8 நேர்வகிடு (காலை 8:05)

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஆய்வகம் வுல்பியானுடையது. கணவர் ஜூல்ஸ் டெஜெரின், நரம்பியலின் பெரும் ஆசான் சார்க்கோ உட்கார்ந்த நாற்காலியில் பின்னால் உட்கார்ந்த பெரிய நரம்பியல் பேராசிரியர். நோயின் பெயரே பல புத்தகங்களில் 'டெஜெரின்-க்ளும்ப்கே'. புருஷன் பெரிய ஆளாக இருந்தால் யார்தான் சாதிக்க மாட்டார்கள்? கேட்டால் பெண் விரோதி என்பீர்கள்.

#9 நியூரோ_பிஜி (மதியம் 1:40)

நேர்வகிடு சார், விரோதி என்று சொல்லவில்லை, தேதியை மட்டும் பாருங்கள். கட்டுரை வந்தது 1885. அதற்கு மருத்துவ அகாதெமியின் கோதார் பரிசு 1886. கல்யாணம் 1888. கட்டுரையில் ஒரே ஒரு பெயர்தான், மிஸ் க்ளும்ப்கே. 'டெஜெரின்' பிறகு ஒட்டிக்கொண்டது, அவருடைய பெயர் மாறியதால்.

கல்யாணத்துக்குப் பிறகு, 1889-ல் அவருடைய எம்.டி. ஆய்வேடு. ஈய நஞ்சால் வருகிற நரம்பு வாதங்களைப் பற்றியது. பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டு தொங்கிப்போகும், அது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அது வேறு இடத்தில். இருவரும் சேர்ந்து செய்த பெரிய வேலை 'நரம்பு மையங்களின் உடற்கூறு' என்ற நூல். முதல் தொகுதி 1895, இரண்டாவது 1901. முதல் தொகுதியில் மட்டும் 401 படங்கள். அந்தப் புத்தகத்தின் முகப்பில் ஆசிரியர் ஜூல்ஸ் டெஜெரின். கீழே 'திருமதி டெஜெரின்-க்ளும்ப்கேயின் ஒத்துழைப்புடன்'.

அந்த 'ஒத்துழைப்பு' எப்படிப்பட்டது என்று எங்கள் பேத்தாலஜி லேபில் கொஞ்ச நாள் இருந்தால் புரியும். பக்கவாதம் வந்து, பேச்சுப் போய் வார்டில் கிடந்த நோயாளியை உயிரோடு இருக்கும்போதே விவரமாகப் பரிசோதித்து எழுதி வைப்பார்கள். அவர் இறந்த பிறகு மூளையை பைக்ரோமேட் கரைசலில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கெட்டியானதும் முழு மூளைப் பாதியையும் மெல்லிய தாளாகச் சீவ வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒன்றுகூட விடாமல், வரிசை மாறாமல். ஒவ்வொன்றுக்கும் வைகெர்ட் சாயம். நல்ல நரம்பு நார் கருநீலமாக வரும். செத்த நார் வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுத்த கோட்டைத் தாள் தாளாகப் பின்தொடர்ந்தால், மூளையின் மேற்பரப்பான கார்ட்டெக்ஸில் அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடம்வரை அந்தப் பாதை எப்படி இறங்குகிறது என்று தெரியும். எம்ஆர்ஐயில் டிராக்டோகிராஃபி என்று இன்று வண்ண வண்ணமாகக் காட்டுகிறோமே, அதைக் கத்தியும் சாயமும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

1908-ல் பாரிஸ் நரம்பியல் சங்கத்தில் பேச்சிழப்பைப் பற்றி ஒரு பெரிய சண்டை. பியேர் மாரி என்ற நரம்பியலாளர் ஒரு பக்கம், ஜூல்ஸ் டெஜெரின் மறுபக்கம். பேச்சுக்கும், மூளையின் முன்பக்கத்தில் பேச்சுக்கான இடம் என்று கருதப்பட்ட புரோக்கா பகுதிக்கும் சம்பந்தமே இல்லை, மூளையின் ஆழத்தில் லெண்டிகுலர் என்ற நரம்புத் திரளைச் சுற்றி ஒரு நாற்கரம் இருக்கிறது, அது அடிபட்டால்தான் பேச்சு குளறும் என்றார் மாரி. அந்த நாற்கரத்தின் எல்லை எது, அதற்குள் எந்த நார்கள் ஓடுகின்றன என்ற உடற்கூறு வாதத்தை எடுத்தவர் ஜூல்ஸ் இல்லை, ஆகஸ்டா. நீங்கள் கோடு போட்ட இடத்துக்குள்ளேயே புரோக்கா பகுதியிலிருந்து வரும் நார்களும் இருக்கின்றனவே என்று சீவல்களை வைத்துக் காட்டினார். எதிரில் இருந்தவர்களில் அந்த மட்டத்தில் உடற்கூறு பேச ஆள் குறைவு. புருஷனுக்காகப் பேசிய மனைவி என்று அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

#10 நேர்வகிடு (மதியம் 2:22)

1885, 1888 கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் 'ஒத்துழைப்புடன்' என்று போட அவரும்தானே சம்மதித்தார்?

#11 கண்ணாடி_வளையல் (மதியம் 2:30)

எங்கள் அப்பா மளிகைக் கடைக்கு எங்கள் அம்மாதான் 20 வருடம் கணக்கு எழுதினார். கொள்முதல், கடன் நோட்டு எல்லாம். போர்டில் '& சன்ஸ்' என்று இருந்தது, என் தம்பி பிறக்கும் முன்பே. அம்மாவும் சம்மதித்துத்தான் இருந்தார் சார்.

#12 நேர்வகிடு (மதியம் 2:41)

சரி சிஸ்டர். இதற்கு மேல் நான் பேசவில்லை.

#13 ஏட்டுச்சுரைக்காய் (மாலை 5:10)

நேர்வகிடு அய்யா, முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டாம். ஜூல்ஸ் இல்லாமல் அவர் எங்கே போயிருப்பார் என்ற கேள்வி நியாயமானதுதான். சல்பெத்ரியே மருத்துவமனையில் அவருக்கென்று தனியாகப் பதவி, வார்டு எதுவும் கிடையாது. கணவருடைய வார்டு, கணவருடைய ஆய்வகம், அதற்குள்தான் அவருடைய வேலை. அந்தக் கதவை ஜூல்ஸ் மூடி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்த பல வீடுகளில் மூடியிருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அவ்வளவு திறமை இருந்தும் பேராசிரியர் பதவிப் போட்டிக்கே அவர் வரவில்லை. இன்டர்ன் வாசல் திறந்துவிட்டது, அடுத்த வாசல் அப்படியே இருந்தது. நரம்பியல் சங்கம் 1901-ல் அவரை உறுப்பினராக்கியது, முதல் பெண் உறுப்பினர். 1914-ல் தலைவர். தலைவரான வருடமே உலகப் போர் வந்துவிட்டது.

#14 தோள்பட்டை_துரை (மாலை 6:55)

போரைப் பற்றி நானே எழுதலாம் என்று இருந்தேன், ஏனென்றால் அதில் எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது.

சில வருடத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போன ஒருவருக்கு உடற்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் இடது இடுப்பு மடங்க மறுத்தது. தொட்டால் சுடுகிறது, தொடை வீங்கியிருக்கிறது. வேலை பார்த்த இடத்தில் காலில் ரத்தம் உறைந்துவிட்டது என்று நினைத்தார்கள், பிறகு சீழ் என்று நினைத்தார்கள். நானும் விறைப்புதான் என்று நினைத்து நன்றாக அழுத்தி மடக்கினேன், அதை நினைத்தால் இன்றும் சங்கடம். கடைசியில் எக்ஸ்ரேயில் பார்த்தால் இடுப்பு மூட்டைச் சுற்றித் தசைக்குள் மேகம் மாதிரி புது எலும்பு! ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன் என்று படித்திருந்தேன், கையில் பட்டபோது தெரியவில்லை.

இதை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் நம் ஆகஸ்டா. போரில் தண்டுவடத்தில் குண்டு பாய்ந்து கால் செயலிழந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டைச் சுற்றி எலும்பு வளர்வதைக் கவனித்து, செய்லியே என்ற இளம் டாக்டரோடு 1918-ல் வெளியிட்டார். 1917 பிப்ரவரியில் ஜூல்ஸ் இறந்துவிட்டார். அடுத்த வருடம் இந்தக் கட்டுரை. அப்போது அவருக்கு வயது 58.

#15 நியூரோ_பிஜி (இரவு 8:12)

சார், உங்கள் பாடத்தில் இன்னொரு திருத்தமும் இருக்கலாம், கோபிக்க வேண்டாம் :) பிறந்த குழந்தைகளுக்குப் பிரசவத்தின்போது வருவது எர்ப்ஸ், க்ளும்ப்கே என்று இரண்டையும் ஜோடியாகவே சொல்லிக் கொடுக்கிறோம். குழந்தைகளில் கீழ் வேர் மட்டும் தனியாக அடிபடுவது மிக அரிது. பெரும்பாலும் மேல் வேர், இல்லையென்றால் மொத்தப் பின்னலும். ஆகஸ்டாவின் கட்டுரையும் பிரசவக் காயத்தை வைத்து எழுதியது இல்லை. அடுத்தடுத்த புத்தகங்கள் சேர்த்து ஒட்டிக்கொண்டது அது.

#16 புதுவரவு_அம்மா (இரவு 9:30)

வணக்கம், இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். என் பையனுக்குப் பிறந்து 7 வாரம், வலது கையைத் தூக்குவதில்லை, எர்ப்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். விரல்களை நன்றாகப் பிடிக்கிறான். துரை சார் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு கண்ணையும் பத்து தடவை பார்த்துவிட்டேன். ஒரே மாதிரிதான் இருக்கிறது. நல்லதுதானே?

#17 தோள்பட்டை_துரை (இரவு 9:41)

நல்ல அறிகுறிதான் அம்மா. விரல் பிடிப்பதும் கண் சமமாக இருப்பதும் கீழ் வேர்கள் வேலை செய்கின்றன என்று காட்டும். ஆனால் இங்கே எழுதுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தோளும் முழங்கையும் எப்படித் திரும்புகின்றன என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் முழங்கை மடங்கத் தொடங்கவில்லை என்றால் இந்த நரம்புப் பின்னலைத் தெரிந்த அறுவை சிகிச்சை நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்க யாரையும் விடாதீர்கள், பாட்டியாக இருந்தாலும்.

#18 புதுவரவு_அம்மா (இரவு 9:47)

பாட்டிதான் சார் :) சொல்லிவிடுகிறேன். நன்றி.

#19 சீரகமிட்டாய் (இரவு 10:02)

ஆகஸ்டா அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா?

#20 ஏட்டுச்சுரைக்காய் (இரவு 10:20)

ஒரே மகள், இவோன், 1891-ல் பிறந்தவர். முதல் தொகுதி வந்தபோது நாலு வயது. அந்த 401 படங்களுக்கு நடுவில்தான் வளர்ந்திருப்பார். அவரும் நரம்பியல் டாக்டர் ஆனார். முதுகெலும்புக் காசநோயால் வரும் கால்வாதம் அவருடைய ஆய்வு. கல்யாணம் செய்துகொண்டது சொரெல் என்ற சர்ஜனை. ஆகஸ்டா 1927 நவம்பரில் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

#21 தோள்பட்டை_துரை (மறுநாள், மாலை 4:35)

இன்று வகுப்பு முடிந்தது. போர்டில் 'ஆகஸ்டா டெஜெரின்-க்ளும்ப்கே, 1859–1927' என்று எழுதி, போன வாரம் வரை நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். பூபெல் கதைக்கு நல்ல வரவேற்பு. பிரசவத் திருத்தத்தையும் சொன்னேன், பிஜி டாக்டருக்கு நன்றி. ஒரு பையனை எழுப்பி நிற்கவைத்து, டி1-லிருந்து கண்வரை அவன் கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன், கூச்சத்தில் நெளிந்தான்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அதே பெண் பின்னாலேயே வந்தாள். "சார், அப்ப எர்ப் யாரு சார்?"

நல்லவேளை, காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். வில்ஹெல்ம் எர்ப், ஹைடல்பெர்க். ஜெர்மன்காரர், ஆண், தாடியும் உண்டு.